கையா, கருவியா? எலெக்ட்ரிக் கிட்டார் டோனைப் படிப்படியாகப் பிரித்துக் கேட்க ஒரு முழு வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன்பு, ரிகர்சலுக்கு நடுவில் டீ குடிக்க நிறுத்திய நேரத்தில், ஒரு நண்பர் என் கிட்டாரை எடுத்து மாட்டிக்கொண்டு சும்மா வாசித்துப் பார்த்தார். அதே கிட்டார், அதே கேபிள், அதே ஓவர்டிரைவ் பெடல் (சத்தத்தைக் கரகரப்பாக்கும், காலால் மிதிக்கும் பெட்டி), அதே ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி). ஒரு நாப்பைக்கூட அவர் தொடவில்லை. ஒரு மணி நேரமாக என் கையில் தகரத்தைத் தட்டுகிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்த ஆம்பிலிருந்து உருண்டு திரண்ட ஒரு சத்தம் வந்தது, ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக நின்றது. அந்த ஆம்பை விற்றுவிட்டு வேறு வாங்கத்தான் நான் அப்போது பணம் சேர்த்துக்கொண்டிருந்தேன். கிட்டாரை வாங்கி மறுபடி வாசித்தேன். மறுபடியும் தகரம்.

அப்புறம் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர் கையை மட்டும் பார்த்தேன். பிக்கின் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) நுனியில் 2 மில்லிமீட்டர்தான் விரலுக்கு வெளியே இருந்தது, எனக்கு அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். நான் பிரிட்ஜுக்கு (உடல் பக்கம் கம்பிகள் முடியும் இடம்) ஒட்டி அடித்த இடத்தை விட்டு இரண்டு விரல் தள்ளி நெக் (கிட்டாரின் கழுத்து) பக்கமாக அடித்தார். வாசிக்காத கம்பி ஐந்தையும் ஏதாவது ஒரு விரலோ உள்ளங்கையோ தொட்டு அமைதியாக வைத்திருந்தது. இந்த மூன்றையும் நான் பழக ஒரு மாதம் ஆனது. ஆம்பை விற்கவில்லை.

அதற்காக “டோன் (சத்தத்தின் தன்மை) முழுக்க விரலில்தான் இருக்கிறது” என்று சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். ஸ்பீக்கரை மாற்றினால் என்ன நடக்கும் என்று கேட்ட யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். என் கருத்து இதுதான்: சத்தத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கை தீர்மானிக்கிறது, அதில் எதைக் காட்டுவது எதை மறைப்பது என்று கருவி தீர்மானிக்கிறது. கை அனுப்பாததை எந்தப் பெடலாலும் சேர்க்க முடியாது, ஸ்பீக்கர் வெட்டி எறிந்ததை எந்தக் கையாலும் மீட்க முடியாது. ஆகவே “இந்தக் குறை யாருடையது?” என்று கண்டுபிடிக்கத் தெரிவதுதான் முக்கியம். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

முதலில் சில ஏற்பாடுகள்

கம்பிகளை மாற்றுங்கள். கடலோர ஊரில் இருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம், உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்தால் கம்பி சீக்கிரமே மங்கிவிடும், மங்கிய கம்பியில் செய்யும் எந்தச் சோதனையும் உங்களை ஏமாற்றும். அடுத்து செட்டப். 12-வது ஃபிரெட்டுக்கு (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மேலே கம்பியின் உயரம் 1.6 முதல் 2 மி.மீ. வரை வைப்பது வழக்கம். இன்டோனேஷன் சரியாக இருக்கிறதா என்று டியூனரில் பாருங்கள்: 12-வது ஃபிரெட்டில் அழுத்தி வாசிக்கும் ஸ்வரமும் அதே இடத்தில் லேசாகத் தொட்டு எடுக்கும் ஹார்மோனிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இதெல்லாம் சரியில்லாத கிட்டாரில் உங்கள் கையை நீங்களே அநியாயமாகக் குறை சொல்லுவீர்கள்.

ஆம்பில் கரகரப்பில்லாத கிளீன் சேனல், பேஸ், மிட், டிரெபிள் மூன்றும் நடுவில், ரிவெர்ப் பூஜ்யத்தில். பெடல்கள் வேண்டாம். ஒரு போனை ஆம்பிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி ஓர் இடத்தில் வையுங்கள், கடைசிவரை அதை நகர்த்தாதீர்கள். போன் ரெக்கார்டிங் மோசமாகத்தான் இருக்கும், பரவாயில்லை, எல்லாச் சோதனைக்கும் ஒரே அளவு மோசமாக இருந்தால் போதும்.

முதல் படி: கையை நிறுத்திவைத்துக் கருவியை மட்டும் மாற்றுவது

கேட்கும்போது முடியாத காரியம் மாதிரி இருக்கும், ஆனால் லூப்பர் பெடல் இருந்தால் சுலபம். லூப்பரை எல்லாப் பெடலுக்கும் முன்னால், கிட்டாரை நேராக அதில் குத்தி, ஒரு எட்டு மாத்திரை வாசித்துப் பதிவு செய்யுங்கள். இப்போது உங்கள் வாசிப்பு ஒரு மில்லிமீட்டர்கூட மாறாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலைப் போடுங்கள், எடுங்கள். ஆம்பின் நாப்களைத் திருப்புங்கள். முடிந்தால் வேறு ஆம்பில், வேறு ஸ்பீக்கரில் ஓட்டுங்கள். லூப்பர் இல்லாதவர்கள் ஆடியோ இன்டர்ஃபேஸில் எந்த எஃபெக்டும் இல்லாமல் நேரடியாக ஒரு டேக் பதிந்துகொண்டு, கம்ப்யூட்டரில் ஆம்ப் சிமுலேட்டர்களை மாற்றி மாற்றி அதன்மேல் போட்டுக் கேட்கலாம்.

கவனிக்க வேண்டியது ஒன்று: ஒப்பிடும் இரண்டு சத்தங்களும் ஒரே அளவு உரக்க இருக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாகக் கேட்பது நம் காதுக்கு எப்போதும் “நல்ல டோன்” என்றுதான் படும். கடையில் பெடல் வாங்கப் போனவர்கள் பாதிப் பேர் இதில்தான் விழுகிறார்கள், பெடலை அழுத்தியதும் சத்தம் ஏறுகிறது, உடனே மனசு குளிர்ந்துவிடுகிறது.

இந்தச் சோதனையில் எது மாறுகிறது, எது மாறவில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். மாறுவது: பிரகாசம், கனம், கரகரப்பு, எவ்வளவு நேரம் நீள்கிறது என்பது. மாறாமல் பிடிவாதமாக நிற்பது: தாளத்தில் முந்தியது பிந்தியது, சரியான இடம் போய்ச் சேராத பெண்ட் (கம்பியை இழுத்துச் சுருதியை ஏற்றுவது), பதற்றமான வைப்ரேட்டோ (ஸ்வரத்தை ஆட்டுவது), பக்கத்துக் கம்பி உளறுவது. எவ்வளவு விலையுள்ள ஆம்ப் சிமுலேட்டரைப் போட்டாலும் இவை அப்படியே இருக்கும். கெயினை (கரகரப்பின் அளவு) ஏற்றினால் இன்னும் பெரிதாகத் தெரியும்.

இரண்டாம் படி: கருவியை நிறுத்திவைத்துக் கையை மாற்றுவது

இதுதான் இந்த வழிகாட்டியின் நெஞ்சு, இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். 3-வது கம்பி (மெல்லிய கம்பியிலிருந்து எண்ணினால்), 7-வது ஃபிரெட், ஒரே ஒரு ஸ்வரம். நெக் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்களில் நெக் பக்கம் இருப்பது). நாப் எதையும் தொடாமல் இந்த ஒரு ஸ்வரத்தைப் பன்னிரண்டு விதமாக ஒலிக்கவைக்க முடியுமா என்று பாருங்கள். முதல் நாள் நாலு கிடைக்கும். தேடத் தேடத்தான் மற்றவை வரும்.

அடிக்கும் இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி கிட்டாரில் திறந்த (எங்கும் அழுத்தாத) கம்பியின் நீளம் 648 மி.மீ., அதாவது 25.5 அங்குலம். கம்பியின் நடுவில் அடித்தால் இரட்டை எண் ஹார்மோனிக்குகள் (ஸ்வரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேல் சுருதிகள்) எழவே எழாது, புல்லாங்குழல் மாதிரி உள்ளீடற்ற ஒரு சத்தம் வரும். கால் பங்கில் அடித்தால் 4-வது, 8-வது ஹார்மோனிக்குகள் போய்விடும். பிரிட்ஜை நெருங்க நெருங்க உயர் ஹார்மோனிக்குகள் எல்லாம் தலைதூக்கி, மெல்லியதாக, ஊசிக் குத்தலாக மாறும். இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது, பல பேர் கவனிப்பதில்லை. நீங்கள் 12-வது ஃபிரெட்டில் அழுத்தினால் கம்பியின் நீளம் பாதியாகி 324 மி.மீ. ஆகிவிடுகிறது. வலது கை முன்பு இருந்த அதே இடத்தில், பிரிட்ஜிலிருந்து 162 மி.மீ. தள்ளி நெக் பிக்கப் பக்கத்தில் அடித்தாலும், திறந்த கம்பிக்கு அது கால் பங்கு, இந்த ஸ்வரத்துக்கு அது சரி பாதி. மேலே ஏறும்போது டோன் மந்தமாகிறதே, பிக்கப்பை மாற்றலாமா என்று யோசிப்பவர்கள், இடது கை மேலே ஏறும்போது வலது கையைக் கொஞ்சம் பிரிட்ஜ் பக்கம் நகர்த்திப் பார்த்துவிட்டு அப்புறம் யோசிக்கலாம்.

அடுத்து பிக்கின் கோணம். கம்பிக்கு இணையாகத் தட்டையாக வைத்து அடித்தால் “டக்” என்று சுத்தமான தொடக்கம். பிக்கை 30, 40 டிகிரி திருப்பி அதன் ஓரத்தால் உரசினால், மேலே மெல்லிய கம்பி சுற்றிய தடித்த கம்பிகளில் ஒரு சின்னக் கரகரப்பு முன்னால் வந்து, ஸ்வரம் அதன் பின்னால் வருகிறது. காதைக் கம்பிக்குப் பக்கத்தில் வைத்து, ஆம்பை அணைத்துவிட்டு இதைச் செய்து பாருங்கள், அந்த உரசலின் நீளத்தைத் தனியாகக் கேட்கலாம். குயின் குழுவின் பிரையன் மே பிக்குக்குப் பதில் பழைய பிரிட்டிஷ் ஆறு பென்ஸ் நாணயத்தால் வாசிப்பவர். அந்த நாணயத்தின் விளிம்பில் உள்ள வரிகள் கம்பியில் உரசும் சத்தம் அவருடைய டோனில் ஒரு பகுதி. தன் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே செய்த கிட்டார், வாக்ஸ் ஏசி30 ஆம்ப் எல்லாம் உண்டுதான், ஆனால் முதலில் கம்பியைத் தொடுவது அந்த நாணயம்.

பிக்கின் தடிமனையும் சோதியுங்கள். 0.6, 0.88, 1.14, 1.5 மி.மீ. என நாலு பிக் வாங்க டீ வடைக் காசுதான் ஆகும், டோனுக்காகச் செலவழிக்கும் காசில் இதைவிட அதிகம் திருப்பித் தருவது வேறில்லை. மெல்லிய பிக் வளைந்து கொடுத்து “படக்” என்ற தன் சத்தத்தையே சேர்க்கும், கார்டுகளை (ஒன்றாக ஒலிக்கும் பல ஸ்வரங்கள்) வாரி அடிக்க நன்றாக இருக்கும். தடித்த பிக் வளையாது, நீங்கள் கொடுத்த விசை அப்படியே கம்பிக்குப் போகும், அதனால் உங்கள் கையின் ஏற்ற இறக்கம் எல்லாம் வெளியே தெரியும்.

பிறகு பிக்கைக் கீழே வைத்துவிட்டு விரலால் வாசியுங்கள். கட்டைவிரலின் சதை, ஆள்காட்டி விரலின் சதை, நகம், மூன்றும் மூன்று டோன். வெஸ் மான்ட்கோமரி கட்டைவிரலால் மட்டுமே ஜாஸ் வாசித்தார், அந்த வெதுவெதுப்பு அங்கிருந்து வருகிறது. டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் மார்க் நாப்ஃப்ளர் விரலால் கம்பியைக் கொஞ்சம் மேலே இழுத்து விடுகிறார், அது ஃபிரெட்டில் போய்ச் சுண்டுகிறது. ஜெஃப் பெக் 1980-களில் பிக்கையே விட்டுவிட்டார். கட்டைவிரலால் மீட்டிக்கொண்டே சுண்டு விரலால் வால்யூம் நாப்பைத் திருப்பி, அதே கையில் சுருதியை ஆட்டும் டிரெமொலோ தண்டையும் பிடித்து ஸ்வரத்தைப் பேசவைப்பார். அவர் கையில் இருந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் எந்தக் கடையிலும் கிடைக்கும் வகைதான்.

விசையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஓங்கி அடித்தால் டோன் பெரிதாகும் என்று நினைப்போம். மெல்லிய கம்பியை ஓங்கி அடித்தால் முதல் நொடியில் சுருதி மேலே எகிறி அப்புறம் இறங்கும், கார்டு முழுக்கக் கலங்கின மாதிரி கேட்கும். ஆம்பை உரக்க வைத்து மென்மையாக அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் பெரிய சத்தமாக இருக்கும், அதோடு ஓங்கி அடிக்க ஒரு மிச்சமும் கையில் இருக்கும்.

மூன்றாம் படி: இடது கை

ஃபிரெட் கம்பிக்குப் பின்னால் ஒட்டி அழுத்துங்கள். நடுவில் அழுத்தினால் அதிக பலம் வேண்டும், பலம் கூடினால் சுருதி ஏறும், உயரமான ஃபிரெட் உள்ள கிட்டாரில் இது நன்றாகவே தெரியும். “என் கிட்டார் டியூனில் நிற்கவில்லை” என்று வருகிறவர்களில் பல பேருக்கு நான் செய்யச் சொல்வது ஒன்றே ஒன்று: பிடியைத் தளர்த்திக்கொண்டே வாருங்கள், ஸ்வரம் அடைக்கத் தொடங்கும் இடம்வரை, அதிலிருந்து ஒரு பொடி கூட்டுங்கள். அவ்வளவுதான் தேவை.

பெண்டிங்குக்கு டியூனரைக் கண்முன் வைத்துக்கொள்ளுங்கள். 2-வது கம்பியில் 10-வது ஃபிரெட்டை முதலில் வாசித்துக் காதில் வாங்கிக்கொண்டு, பிறகு 8-வது ஃபிரெட்டிலிருந்து இழுத்து அதே சுருதிக்குக் கொண்டுபோங்கள். விரலால் தள்ளாமல், மோதிர விரலுக்குப் பின்னால் இன்னும் இரண்டு விரலை வைத்து, மணிக்கட்டைச் சாவி திருப்புவதுபோலத் திருப்புங்கள். மெதுவாக, வேகமாக, கண்ணை மூடிக்கொண்டு என்று மூன்று விதமாக. கொஞ்சம் கீழே நின்றுவிடும் பெண்ட்தான் “மலிவான டோன்” என்று கேட்பவர் காதில் விழுகிறது. அதற்கு அவர்கள் டோன் என்று பெயர் வைக்கிறார்கள், அதன் உண்மைப் பெயர் சுருதி.

வைப்ரேட்டோ. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். அழுத்திய ஸ்வரத்தில் கம்பியைத் தள்ளி வைப்ரேட்டோ செய்யும்போது சுருதி மேலே போய்த் திரும்புகிறது, ஒருபோதும் கீழே போவதில்லை. ஆகவே ஒவ்வொரு ஆட்டத்திலும் அது பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்பி வர வேண்டும், வராவிட்டால் ஸ்வரம் முழுக்கக் கொஞ்சம் ஏறியே நிற்கும். பெண்ட் செய்து மேலே நிறுத்திய ஸ்வரத்தில் இது தலைகீழ்: கொஞ்சம் விட்டு, மறுபடி மேலே சேர்க்க வேண்டும். மெட்ரோனோமை 70-ல் வைத்து, ஒரு தட்டுக்கு இரண்டு ஆட்டம், மூன்று ஆட்டம், நாலு ஆட்டம் என்று எண்ணிப் பழகுங்கள். முதலில் இயந்திரத்தனமாக இருக்கும், இருக்கட்டும், கட்டுப்பாடு வந்தபின் எண்ணுவதை விட்டுவிடலாம். பி.பி. கிங் கட்டைவிரலை நெக்கிலிருந்து எடுத்துவிட்டு, ஆள்காட்டி விரலை அச்சாக வைத்து, மற்ற விரல்கள் பட்டாம்பூச்சிச் சிறகு மாதிரி படபடக்கச் செய்யும் வைப்ரேட்டோவை ஒரு ஸ்வரத்தில் அடையாளம் கண்டுவிடலாம், ஆம்ப் எதுவாக இருந்தாலும்.

நம் காதுக்கு இங்கே ஒரு கொடுப்பினை உண்டு. ஸ்வரம் என்பது ஒரு புள்ளி இல்லை, அது வருகிற வழியும் போகிற வழியும் சேர்ந்ததுதான் என்று கமகம் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் வாசித்தது எலெக்ட்ரிக் மாண்டலின், வழக்கமான நாலு இரட்டைக் கம்பிகளுக்குப் பதில் ஐந்து ஒற்றைக் கம்பிகள். பாட்டாக ஒலித்தது அவர் இடது கை செய்த ஜாருவும் அசைவும்தான். எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக சங்கீதம் வாசிக்கும் பிரசன்னாவைக் கேளுங்கள், ஒரே அடியில் எத்தனை ஸ்வரங்களைச் சறுக்கியும் இழுத்தும் எடுக்கிறார் என்று எண்ணுங்கள். நீங்கள் ராக் வாசிப்பவராகவே இருக்கலாம், ஒரு ராகத்தின் ஒரு பிடியை ஒரே கம்பியில், ஒரே அடியில் எடுக்க முயன்று பாருங்கள், இடது கை டோனுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

நான்காம் படி: சத்தத்தை நிறுத்துவது

சின்னப் பகுதிதான், ஆனால் டிஸ்டார்ஷனோடு (பலத்த கரகரப்போடு) வாசிப்பவர்களின் பிரச்சனையில் பாதி இங்கேதான். நீங்கள் வாசிக்கும் கம்பிக்கு மேலே உள்ள தடித்த கம்பிகளை வலது உள்ளங்கை தொட்டிருக்க வேண்டும். கீழே உள்ள மெல்லிய கம்பிகளை இடது ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி தொட்டிருக்க வேண்டும். சோதனை: கெயினை முக்கால்வாசி ஏற்றி, ஒரு ஸ்கேலை மெதுவாக வாசித்து, ஒவ்வொரு ஸ்வரத்துக்குப் பின்னும் நிறுத்துங்கள். நிறுத்திய பின் ஏதாவது முனகுகிறதா? எந்தக் கம்பி என்று கண்டுபிடியுங்கள். நாய்ஸ் கேட் பெடல் இதைத் தீர்க்காது, நீங்கள் வாசிக்காதபோதுதான் அது மூடும், வாசிக்கும்போது அந்த முனகலும் சேர்ந்தே வெளியே போகும். உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வாசிக்கும் பாம் மியூட்டில் கை பிரிட்ஜிலிருந்து 3, 4 மி.மீ. நகர்ந்தாலே “ஜுக்” என்பது “டொக்” ஆகிவிடும், அதையும் இப்போதே பழகுங்கள்.

ஐந்தாம் படி: கிட்டாரில் உள்ள நாப்கள்

இது கைக்கும் கருவிக்கும் நடுவில் உள்ள இடம். எல்லாரும் வால்யூமையும் டோனையும் 10-ல் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஆம்பைக் கரகரக்கத் தொடங்கும் இடத்தில் வைத்து, கிட்டாரின் வால்யூமை 7-க்கு இறக்குங்கள், ரிதம் டோன் கிடைக்கும். 4-க்கு இறக்குங்கள், கிளீன். 10, லீட். ஒரு பெடலையும் மிதிக்காமல் மூன்று டோன். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வைத்திருந்த ஃபஸ் ஃபேஸ் மாதிரியான ஃபஸ் பெடல்கள் இதற்கென்றே பிறந்தவை, வால்யூமைக் கொஞ்சம் குறைத்தாலே கண்ணாடி மாதிரித் தெளிந்துவிடும். எரிக் கிளாப்டன் கிரீம் குழுவில் வாசித்த காலத்தில் ‘வுமன் டோன்’ என்று பெயர் பெற்ற அந்தக் குழைவான சத்தத்துக்கு முக்கியக் காரணம், ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) கிட்டாரில் டோன் நாப்பைப் பூஜ்யத்துக்கு இறக்கி, மார்ஷல் ஆம்பை உரக்க வைத்ததுதான்.

வால்யூமைக் குறைத்தால் பிரகாசமும் போய்விடுகிறதே என்பது நியாயமான புகார், அது உங்கள் கையின் தவறு இல்லை. கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் குணம்) வால்யூம் நாப்போடு சேர்ந்து டிரெபிளை வடிகட்டுகிறது. ஒரு சின்ன கெப்பாசிட்டரை வால்யூம் நாப்பின் அடியில் பற்றவைத்துச் சரிசெய்யலாம், டிரெபிள் பிளீட் என்று கேட்டால் பழுது பார்ப்பவருக்குத் தெரியும்.

பிக்கப்பின் உயரத்தையும் இப்போதே பாருங்கள், ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். கடைசி ஃபிரெட்டை அழுத்திக்கொண்டு கம்பிக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் சுமார் 2 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். ஒற்றைச் சுருள் பிக்கப்பை மிகவும் நெருக்கினால் அதன் காந்தமே கம்பியை இழுத்து, மேல் ஃபிரெட்டுகளில் சுருதி நடுங்கும்.

ஆறாம் படி: கருவிகளை அவற்றின் பலத்துக்கு ஏற்ற வரிசையில் பார்ப்பது

ஸ்பீக்கர்தான் முதலில். 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை எல்லாம் வெகுவாகக் குறைத்துவிடுகிறது. டிஸ்டார்ஷன் பெடலை நேராக ஆடியோ இன்டர்ஃபேஸிலோ கீபோர்டு ஸ்பீக்கரிலோ குத்தினால் குளவிக் கூட்டைக் கலைத்த மாதிரி கேட்கிறதல்லவா, அதற்குக் காரணம் இந்த வெட்டு இல்லாததுதான். பெடலைக் குறை சொல்லி மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. கேபினெட் சிமுலேஷன் (ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் சத்தத்தை வடிகட்டும் மென்பொருள்) ஒன்றைப் போடுங்கள், இலவசமாகவே நிறையக் கிடைக்கின்றன, அதே பெடல் கிட்டாராக ஒலிக்கும். இதை எந்த விரல் வித்தையாலும் செய்ய முடியாது. மைக் வைத்துப் பதிபவர்கள் ஸ்பீக்கரின் நடுவிலிருந்து ஓரத்துக்கு மைக்கை 5 செ.மீ. நகர்த்திக் கேட்டால், பிக்கப் மாற்றியதைவிடப் பெரிய வித்தியாசம் தெரியும்.

அடுத்து கெயின். கெயின் ஏற ஏற மென்மையாக அடித்ததும் ஓங்கி அடித்ததும் ஒரே உயரத்துக்கு வந்துவிடுகின்றன. நீங்கள் ஒரு வாரம் பழகிய வலது கை ஏற்ற இறக்கத்தை ஒரு நாப் துடைத்துவிடும். ஆல்பத்தில் கேட்கும் பிரம்மாண்டத்தைக் கெயினால் எட்டப் பார்க்கிறோம், பெரும்பாலும் அங்கே இரண்டோ நாலோ கிட்டார்கள் தனித்தனியாக வாசித்து இடமும் வலமும் வைக்கப்பட்டிருக்கும், ஒவ்வொன்றிலும் நாம் நினைப்பதைவிடக் கெயின் குறைவு. தேவை என்று தோன்றும் அளவிலிருந்து கால் பங்கு குறைத்து வாசித்துப் பதிந்து கேளுங்கள்.

ஈக்யூவில் (பேஸ், மிட், டிரெபிள் நாப்கள்) ஒரு பொறி. வீட்டில் குறைந்த சத்தத்தில் பேஸும் டிரெபிளும் நம் காதுக்குக் குறைவாகக் கேட்கும், ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிய விஷயம் இது. அதனால் வீட்டில் இரண்டையும் ஏற்றி மிட்டைக் குறைத்து “ஆஹா” என்று வைத்துக்கொள்கிறோம். மேடையில் சத்தம் ஏறியதும் பேஸ் குழைந்து பேஸ் கிட்டாரோடு மோதும், டிரெபிள் சிம்பலோடு மோதும், கிட்டார் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். கிட்டாரின் இடம் மிட்தான். மேடைக்குப் போகும் டோனை மேடைச் சத்தத்தில்தான் அமைக்க வேண்டும்.

பிக்கப் வகை நிச்சயம் முக்கியம்: 1954 முதல் வரும் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ஒற்றைச் சுருளுக்கும், 1957-ல் லெஸ் பால் கிட்டாரில் ஏறிய ஹம்பக்கருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கையால் ஓரளவு நெருங்கலாம், அழிக்க முடியாது. ஒற்றைச் சுருளில் வரும் 50 ஹெர்ட்ஸ் முனகலும் கையால் போகாது, கிட்டாரோடு கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தால் குறையும். கம்பியையோ மைக்கையோ தொட்டால் ஷாக் அடிக்கிறதென்றால் உடனே நிறுத்திவிட்டு வீட்டின் எர்த் இணைப்பைப் பார்க்க ஆள் கூப்பிடுங்கள்.

கேபிள் நீளத்தால் தெரியும்: சாதாரண கேபிளில் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்று வைத்தால், 3 மீட்டரிலிருந்து 6 மீட்டருக்குப் போகும்போது ஒற்றைச் சுருள் பிக்கப் மிக வலுவாக ஒலிக்கும் உச்சம் தோராயமாக 5000 ஹெர்ட்ஸிலிருந்து 3800-க்கு இறங்கும். கேட்கக்கூடிய வித்தியாசம்தான், விலையுயர்ந்த கேபிளால் வருவதைவிட நீளத்தைக் குறைப்பதால் வருவது அதிகம். உள்ளே கூடில்லாத திட மர உடல் கொண்ட கிட்டாரில் மரத்தின் வகையைப் பற்றிய சண்டையில் என் நேரத்தை இனிச் செலவிடமாட்டேன், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தால் அது மிகச் சின்ன விஷயம்.

கம்பியின் தடிமனுக்கு இரண்டு பேரைப் பாருங்கள். ஸ்டீவி ரே வாகன் 0.013 அங்குலத்தில் தொடங்கும் தடித்த கம்பிகளை அரை ஸ்வரம் இறக்கிக் கட்டி வாசித்தார். ஸிஸி டாப் (ZZ Top) குழுவின் பில்லி கிப்பன்ஸ் வாசிப்பது 0.007. இரண்டு பேரின் டோனையும் யாரும் மெலிந்தது என்று சொல்ல முடியாது. தடித்த கம்பி ஓங்கி அடிப்பதைத் தாங்கும், மெல்லியது மென்மையைக் கேட்கும். உங்கள் வலது கை எந்த ரகம் என்று இரண்டாம் படியில் தெரிந்திருக்கும், அதற்கேற்ற கம்பியைப் போடுங்கள்.

ஏழாம் படி: பிடித்த ஒருவரின் டோனை எட்டுவது

அவருடைய பெடல் பட்டியலைத் தேடுவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் அவர் வாசித்த நாலு மாத்திரையை எடுத்து, பாதி வேகத்தில் ஓட்டி, இந்த வரிசையில் கேளுங்கள். எந்தக் கம்பியில் வாசிக்கிறார்? ஒரே ஸ்வரம் 2-வது கம்பியின் 5-வது ஃபிரெட்டிலும் இருக்கிறது, 3-வது கம்பியின் 9-வதிலும் இருக்கிறது, இரண்டும் வேறு வேறு கனம். பிக்கா, விரலா? பிரிட்ஜ் பக்கமா, நெக் பக்கமா? ஸ்வரத்தை எங்கே வெட்டுகிறார்? வைப்ரேட்டோ உடனே தொடங்குகிறதா, ஸ்வரம் நின்று கொஞ்ச நேரம் கழித்தா? டிரம்முக்கு முன்னால் சாய்கிறாரா, பின்னால் சாய்கிறாரா? இவ்வளவையும் உங்கள் கிளீன் ஆம்பில் எட்டியபிறகு மீதி என்ன வித்தியாசம் இருக்கிறதோ, அதுதான் கருவி. அது பிக்கப் வகை, கெயின் அளவு, ஸ்பீக்கர், எக்கோ என்று ஒன்றிரண்டில் அடங்கிவிடும்.

காசை எந்த வரிசையில் செலவழிப்பது

என் வரிசை: பிக்கும் கம்பியும், நல்ல செட்டப், நல்ல ஸ்பீக்கர் உள்ள ஆம்ப் அல்லது வீட்டில் ஹெட்போனில் வாசிப்பவர் என்றால் நல்ல கேபினெட் சிமுலேஷன், லூப்பர், பிறகு ஒரே ஒரு ஓவர்டிரைவ். இதற்குப் பிறகுதான் பிக்கப், மற்ற பெடல்கள், புதுக் கிட்டார். இரண்டு விதிவிலக்கு. உங்கள் கிட்டாரின் நெக் வளைந்து, ஃபிரெட்டுகள் தேய்ந்து, செட்டப்பால் சரியாகாது என்று பழுது பார்ப்பவர் சொல்லிவிட்டால் கிட்டார்தான் முதலில், கையை வதைக்கும் கருவியில் நல்ல பழக்கம் வராது. இன்னொன்று, உங்களுக்கு வேண்டிய இசைக்குக் கருவியே அடிப்படையாக இருந்தால், உதாரணத்துக்கு 7 கம்பி கிட்டாரில் வாசிக்கும் கனத்த மெட்டல், அதற்குக் காத்திருக்கச் சொல்லமாட்டேன்.

எதை வாங்கினாலும் வாங்குவதற்கு முன் ஒரு ரெக்கார்டிங், வாங்கி ஒரு மாதம் கழித்து அதே 3-வது கம்பி 7-வது ஃபிரெட்டில் ஒன்று, தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். போன் அதே ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கட்டும். எது எப்போது பதிந்தது என்று சொல்லாமல் ஒரு நண்பரை இரண்டையும் ஓட்டச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.